பார்வையாளர் குறைந்த விளையாட்டுக்களும் நேர்முக வர்ணனையின் பெறுமதியும்

2022ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் திகதி இலங்கையின் விளையாட்டு வரலாற்றில் ஓர் அபூர்வமான நாளாகும். அன்று துபாயில் நடைபெற்ற ஆசியக் கிண்ண கிரிக்கெட் இறுதிப் போட்டியில் இலங்கை அணி பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் தோற்கடித்தது. அதே நாளில் சிங்கப்பூரில் நடைபெற்ற ஆசிய வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் இலங்கை மகளிர் அணி, போட்டியை நடத்திய சிங்கப்பூரையே 63 - 53 என்ற கோல் கணக்கில் வென்று ஆறாவது தடவையாகவும் ஆசியச் சம்பியனானது. எரிபொருள் வரிசைகளிலும் மின்வெட்டிலும் துவண்டு போயிருந்த ஒரு நாட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கிண்ணங்கள் கிடைத்தன. இரண்டு நாட்களின் பின்னர் கட்டுநாயக்கவிலிருந்து கொழும்பு வரை இரு அணியினரும் திறந்த பேருந்துகளில் ஊர்வலமாக அழைத்து வரப்பட்டனர்.

வீதியில் இரு அணியினருக்கும் சமமான வரவேற்புக் கிடைத்தது என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த ஊர்வலத்தைப் பார்த்துக் கையசைத்தவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் விடை எவ்வாறு அமைந்திருக்கும்? கிரிக்கெட் இறுதிப் போட்டியில் யார் எத்தனை ஓட்டங்கள் பெற்றார், எந்தப் பந்தில் ஆட்டம் திசை மாறியது என்பதைச் சிறுவர்கள் கூட ஒப்புவித்திருப்பர். வலைப்பந்தாட்ட இறுதிப் போட்டியில் எந்தக் கட்டத்தில் எமது அணி முன்னிலை பெற்றது, யாருடைய தடுப்பு ஆட்டத்தைக் காப்பாற்றியது என்று கேட்டால் பலர் மௌனமாகியிருப்பர். ஒன்றை நாம் கண்டோம். மற்றொன்றைக் கேள்விப்பட்டோம். காண்பதற்கும் கேள்விப்படுவதற்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருளாகும்.

விளையாட்டு என்பது முடிவு மாத்திரமன்று. முடிவு மறுநாள் பத்திரிகையின் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அந்த முடிவு எவ்வாறு பிறந்தது என்பதே விளையாட்டின் உயிர். அது நிகழும்போதே பார்வையாளரைச் சென்றடைந்தால்தான் அவரது நெஞ்சில் பதட்டமும் எதிர்பார்ப்பும் எழும். முடிவு தெரிந்த பின்னர் பார்க்கும் பதிவு எத்தனை தெளிவாக இருப்பினும் அது ஆறிப்போன உணவைப் போன்றதே. கிரிக்கெட்டைப் போன்ற பெருவிளையாட்டுக்களுக்கு இது ஒரு பிரச்சினையன்று. வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், கபடி, மெய்வல்லுநர் போட்டிகள், உள்ளூர் உதைபந்தாட்டம் என்பவற்றுக்கோ இது வாழ்வா சாவா என்ற பிரச்சினையாகும்.

பார்வையற்ற ஒருவருக்குச் சொல்வது போல

நேர்முக வர்ணனை என்ற கலை வானொலியோடு பிறந்தது. 1927ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி இலண்டன் டுவிக்கன்ஹாம் மைதானத்தில் நடைபெற்ற இங்கிலாந்து - வேல்ஸ் றக்பி போட்டியை பி.பி.சி. நேரடியாக ஒலிபரப்பியது. பிரித்தானியாவில் ஒரு விளையாட்டுப் போட்டிக்கு வழங்கப்பட்ட முதலாவது நேர்முக வர்ணனை அதுவே. வர்ணனையாளராக அமர்ந்தவர் முன்னாள் றக்பி வீரரான டெடி வேக்லம். முன்மாதிரி எதுவுமில்லாத அந்த முயற்சியில் அவர் தடுமாறாதிருக்கும் பொருட்டு, பார்வையற்றோர் நிறுவனமொன்றிலிருந்து பார்வையிழந்த ஒருவரை அழைத்து வந்து அவருக்கு அருகில் அமர்த்தி, அந்த ஒருவருக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்லும்படி கேட்டுக்கொண்டனராம். மைதானத்தைச் சதுரங்களாகப் பிரித்து இலக்கமிட்ட வரைபடமொன்று வானொலிச் சஞ்சிகையில் முன்கூட்டியே அச்சிடப்பட்டது. பந்து எந்தச் சதுரத்தில் இருக்கின்றது என்பதை மற்றொரு குரல் சொல்லிக்கொண்டேயிருந்தது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் நல்ல வர்ணனைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் கிடையாது. எதிரே இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்று கொள்ள வேண்டும். ஆனால் அவர் அறிவில்லாதவர் என்று கொள்ளக்கூடாது. பந்து எங்கே இருக்கின்றது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது ஏன் அங்கே சென்றது என்பதை அடுத்துச் சொல்ல வேண்டும். கிரிக்கெட் வர்ணனையாளர் இந்த முதற்பாடத்தை மறந்தாலும் தப்பித்துக்கொள்வார். ஏனெனில் கேட்பவருக்கு விதிகள் ஏற்கனவே தெரியும். பார்வையாளர் குறைந்த விளையாட்டுக்களின் வர்ணனையாளருக்கு அந்த வசதி கிடையாது. அவர் ஒரே மூச்சில் செய்தியாளராகவும் ஆசிரியராகவும் இருக்க வேண்டியவராகின்றார்.

வலைப்பந்தாட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அணிக்கு ஏழு பேர். ஒவ்வொருவரும் ஆடுகளத்தின் குறிப்பிட்ட பகுதிகளுக்குள் மாத்திரமே நடமாடலாம். பந்துடன் ஓட முடியாது. மூன்று வினாடிகளுக்கு மேல் அதைக் கையில் வைத்திருக்கவும் முடியாது. எழுவரில் இருவருக்கு மாத்திரமே கோல் போடும் உரிமை உண்டு. 3.05 மீற்றர் உயரத்திலுள்ள வளையத்தின் பின்னால், கூடைப்பந்தாட்டத்தில் இருப்பதைப் போன்ற பலகை கிடையாது. பந்து பட்டுத் திரும்பி விழும் வாய்ப்பு இல்லாததால் எறிதல் துல்லியமாக அமைய வேண்டும். தடுப்பவர் 0.9 மீற்றர் தூரத்துக்கு அப்பால் நின்றுதான் கையை உயர்த்தலாம். இவ்விதிகளை அறியாதவர் கண்ணுக்கு ஆட்டம் ஓயாத விசில் ஒலியாகவும் நின்று நின்று நகரும் பந்தாகவும் மாத்திரமே தோன்றும். விதியை அறிந்தவரோ, அந்த மூன்று வினாடிகளுக்குள் எத்தனை தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன என்பதைக் கண்டு வியப்பார். இவ்விருவருக்கும் இடையில் பாலமாக அமைவது வர்ணனையாளரின் குரலே.

யாழ்ப்பாணத்தின் கிராமமொன்றிலிருந்து தேசிய அணிக்குச் சென்ற தர்ஜினி சிவலிங்கம் இதற்கு நல்ல உதாரணமாவார். அவரைப் பற்றிப் பேசும் பலருக்கும் தெரிந்தது 2.08 மீற்றர் என்ற அவரது உயரம் மாத்திரமே. உயரமாக இருப்பதால் கோல் போடுகின்றார் என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணத்தில் பதினாறு நாடுகளுக்குள் இலங்கை பெற்றது பதினைந்தாவது இடமே. எனினும் அச்சுற்றுப்போட்டியில் அதிக கோல்களைப் போட்டவர் தர்ஜினிதான். புள்ளி அட்டவணையை மாத்திரம் பார்ப்பவருக்கு பதினைந்து என்ற இலக்கம் தோல்வியின் அடையாளமாகத் தெரியும். ஆட்டத்தை நல்ல வர்ணனையுடன் பார்த்தவருக்கோ, தன்னைச் சுற்றி நின்ற உலகத்தரத் தடுப்பாளர்களுக்கு நடுவே அவர் பந்தை ஏந்திய விதமும், அந்தப் பந்தை அவர் கைக்குச் சேர்ப்பதற்குச் சக வீராங்கனைகள் பட்ட பாடும் தெரிந்திருக்கும். 2018இல் ஆசியக் கிண்ணத்தையும் இதே சிங்கப்பூரை 69 - 50 என்று வென்றே இலங்கை பெற்றது. அவ்வெற்றிகளை எமது மக்கள் எத்தனை பேர் தமது மொழியில், நிகழும் வேளையிலேயே கேட்டு அனுபவித்தனர் என்பது எம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

கண்ணில் படாமற் போன சாதனைகள்

இந்நாட்டின் பழைய சாதனைகள் பலவற்றை எமது மக்கள் காதால் அறிந்தார்களேயன்றிக் கண்ணால் கண்டவர்களல்லர். 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1958இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்று, அப்போட்டிகளில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1973இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் உலகச் சம்பியனானவர் எம்.ஜே.எம். லாபீர். இலங்கையில் தொலைக்காட்சி ஆரம்பமானதே 1979இல்தான். ரூபவாஹினி 1982இல் வந்தது. எனவே அக்காலத்தவரை நாம் குறைகூற முடியாது.

ஆனால் இதன் விளைவைக் கவனித்தல் வேண்டும். எதிர்வீரசிங்கத்தையும் லாபீரையும் இன்றைய இளந்தலைமுறையினரில் எத்தனை பேர் அறிவர்? மாறாக, 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் சிட்னி ஒலிம்பிக்கின் 200 மீற்றர் இறுதி ஓட்டத்தில் சுசந்திகா ஜயசிங்க எல்லைக்கோட்டைத் தாண்டிய காட்சி, அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒவ்வொருவரின் நினைவிலும் இன்றும் நிற்கின்றது. அவருக்கு அன்று கிடைத்த வெண்கலம் 2009இல் வெள்ளியாக உயர்த்தப்பட்ட செய்தி வந்தபோது, பல குடும்பங்கள் அந்த ஓட்டத்தைப் பற்றி மீண்டும் பேசின. கண்டது நினைவாகின்றது, கேட்டது தகவலாகின்றது. தகவல் மறக்கப்படும். நினைவு அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படும்.

எனினும் காட்சி மாத்திரமே போதுமானதல்ல என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். எமது சிறுபராயத்தில் ஊர்க் கழகங்களுக்கிடையிலான கரப்பந்தாட்டப் போட்டிகளின்போது, மைதான ஓரத்தில் ஒலிபெருக்கியுடன் அமர்ந்திருந்து வர்ணனை செய்யும் ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிப்பு எவ்வாறு விழுந்தது, யார் உயர்த்திக் கொடுத்தார், யார் அறைந்தார் என்று அவர் சொல்லச் சொல்ல, வேலியோரம் நின்ற பெண்களும் முதியவர்களும் கூட ஆட்டத்தின் நுணுக்கங்களைப் பேசக் கற்றுக்கொண்டனர். அறைபவரின் பெயரைக் கூட்டம் தானாகவே சொல்லும். பந்தை உயர்த்திக் கொடுத்தவரின் பெயரையோ அந்தப் பெரியவர்தான் ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவார். மறைவில் நின்று உழைப்பவனை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதே வர்ணனையின் அறம் என்பதை நாம் கற்றது அந்த ஒலிபெருக்கியிடமிருந்துதான்.

கபடி கற்பித்த பாடம்

பார்வையாளர் இல்லாததால்தான் ஒளிபரப்பு இல்லை என்று ஊடக நிறுவனங்கள் சொல்வதுண்டு. ஒளிபரப்பு இல்லாததால்தான் பார்வையாளர் இல்லை என்று விளையாட்டுச் சங்கங்கள் சொல்கின்றன. இரண்டும் உண்மையே. பார்வையாளர் இல்லையேல் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லையேல் அனுசரணை இல்லை. அனுசரணை இல்லையேல் பயிற்சிக்கும் பயணத்துக்கும் பணம் இல்லை. பணம் இல்லாத அணி தரமான ஆட்டத்தை வழங்க முடியாது. இந்த நச்சுவட்டத்தை எங்காவது ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

அவ்வாறு உடைக்கப்பட்ட இரண்டு சந்தர்ப்பங்களை இங்கு சுட்டிக்காட்டலாம். மதுச்சாலைகளுக்குரிய பொழுதுபோக்காகக் கருதப்பட்ட ஸ்னூக்கரை 1969இல் பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசை ‘பொட் பிளாக்’ என்ற நிகழ்ச்சி மூலம் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. அப்போது புதிதாக வந்திருந்த வர்ணத் தொலைக்காட்சியின் சிறப்பைக் காட்டுவதற்குப் பல நிறப் பந்துகள் கொண்ட ஓர் ஆட்டம் தேவைப்பட்டது என்பதே அதற்குக் காரணம். டெட் லோவ் என்ற வர்ணனையாளர் கிசுகிசுக்கும் குரலில் ஆட்டத்தை விளக்கினார். 1985இல் டெனிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் மோதிய உலகச் சம்பியன் இறுதி ஆட்டம் நள்ளிரவு தாண்டியும் நீடித்தபோது, பிரித்தானியாவில் ஒரு கோடியே 85 இலட்சம் பேர் உறங்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

இரண்டாவது சந்தர்ப்பம் எமக்கு இன்னும் அண்மையானது. கபடி தமிழர் கிராமங்களுக்கு அந்நியமான விளையாட்டன்று. 1990 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் அது இடம்பெற்று வருகின்றது. எனினும் இந்திய நகரவாசிகள் அதைக் கிராமத்துப் பிள்ளைகளின் விளையாட்டாகவே கருதி வந்தனர். 2014 ஜூலையில் புரோ கபடி லீக் ஆரம்பமானது. அதன் நிறுவுநர்களில் ஒருவரான சாரு சர்மா தாமே ஒரு விளையாட்டு வர்ணனையாளர் என்பது கவனிக்கத்தக்கது. பாடிச் செல்லும் வீரருக்கு 30 வினாடிகள் என்று கடிகாரம் காட்டப்பட்டது. தொடர்ந்து இரு தடவை வெறுங்கையுடன் திரும்பும் அணி மூன்றாம் தடவை புள்ளி பெற்றே தீர வேண்டும் என்ற விதி வந்தது. பல மொழிகளில் வர்ணனை வழங்கப்பட்டது. முதலாவது பருவத்திலேயே அதை 43 கோடியே 50 இலட்சம் பேர் பார்த்ததாகத் தொலைக்காட்சிக் கணிப்புகள் கூறின. அவ்வாண்டு இந்தியாவில் ஐ.பி.எல். கிரிக்கெட்டுக்கு அடுத்த இடம் அதற்குக் கிடைத்தது.

ஆட்டம் பழையது. வீரர்களும் அதே கிராமங்களிலிருந்து வந்தவர்களே. மாறியது காட்டிய விதமும் சொல்லிய விதமும் மாத்திரமே. அதன் பயன் இந்தியாவோடு நிற்கவில்லை. அந்த லீக்கில் ஈரானிய வீரர்களும் விளையாடிப் புகழ் பெற்றனர். 2018இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், அதுவரை இந்தியாவைத் தவிர எவரும் பெற்றிராத கபடித் தங்கத்தை ஈரான் வென்றது. வெளிச்சம் ஓரிடத்தில் ஏற்றப்பட்டாலும் அது எல்லைகளைக் கடந்து பரவும் என்பதற்கு இது சான்றாகும்.

எம்மவர் பெயர்கள், எமது மொழி

இலங்கையில் தமிழ் பேசும் மக்களுக்கு இவ்விடயத்தில் தனியான ஓர் அக்கறையும் இருத்தல் வேண்டும். எமது பிரதேசங்களில் செழித்திருப்பவை பெரும்பாலும் இந்தப் பார்வையாளர் குறைந்த விளையாட்டுக்களே. குருநகரிலும் மன்னாரிலும் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று, ஊரின் மானம். கொழும்பில் சோண்டர்ஸ், றினோன், ஜாவா லேன் போன்ற கழகங்களில் முஸ்லிம் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக உதைபந்தாட்டத்தை வளர்த்து வந்துள்ளனர். நிந்தவூர் இளைஞர்கள் கபடியில் தேசிய அணிவரை சென்றுள்ளனர். 1991இல் தேசிய விளையாட்டாகப் பிரகடனப்படுத்தப்பட்ட கரப்பந்தாட்டம் வடக்கு கிழக்கின் கரையோரக் கிராமங்களில் மாலைப்பொழுதின் மூச்சாக இருக்கின்றது. இவ்வீரர்களுக்குக் குறைவாக இருப்பது திறமையல்ல. அவர்களது திறமைக்குச் சாட்சி.

சாட்சி என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே பயன்படுத்துகின்றோம். நேரடி ஒளிபரப்பு ஒரு விளையாட்டு வீரருக்கு ஆயிரம் சாட்சிகளை ஏற்படுத்துகின்றது. எல்லோரும் பார்த்த ஆட்டத்தில் சிறப்பாக ஆடியவரைத் தெரிவுக் குழுவொன்று காரணமின்றி ஒதுக்குவது எளிதன்று. எல்லோரும் பார்த்த ஆட்டத்தில் மத்தியஸ்தர் பக்கஞ்சாய்வதும் எளிதன்று. தூரப் பிரதேசத்துப் பாடசாலை ஒன்றின் மாணவி கொழும்பில் உள்ளோருக்கு அறிமுகமாவதற்குச் சிபாரிசுக் கடிதத்தைவிட ஒரு மணிநேர ஒளிபரப்பு மேலானது. பெண்பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரும், தம் ஊர்ப் பிள்ளையின் பெயரைத் தமது மொழியில் மரியாதையுடன் உச்சரிக்கும் குரலைக் கேட்கும்போது மனம் மாறக்கூடும். 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்து தலைமையிலான இலங்கை மகளிர் கிரிக்கெட் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, அதைப் பார்த்த சிறுமிகளின் மனதில் எழுந்த ஆசையை எந்த அமைச்சின் சுற்றுநிருபத்தாலும் எழுப்பியிருக்க முடியாது.

நிறையும் குறையும்

ஒளிபரப்பினால் தீமையே கிடையாது என்று நாம் வாதிடவில்லை. தொலைக்காட்சியின் வசதிக்கேற்ப விளையாட்டே தன்னை மாற்றிக்கொள்ள நேர்கின்றது. கரப்பந்தாட்டத்தில் முன்னர் பணிப்புச் செய்யும் அணி மாத்திரமே புள்ளி பெற முடியும். ஆட்டம் எப்போது முடியும் என்று எவராலும் கூற முடியாதிருந்தது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி என்ற முறை சர்வதேச ரீதியில் ஏற்கப்பட்டமைக்கு ஒளிபரப்பு நேரம் பற்றிய கவலையும் ஒரு காரணம். பழைய ரசிகர்கள் சிலர் அதை இன்றும் இழப்பாகவே கருதுகின்றனர். மேலும், கூச்சலை வர்ணனை என்று எண்ணும் போக்கும் பரவியுள்ளது. விதியை விளக்காமல், வீரரை அறிமுகப்படுத்தாமல், வெறுமனே குரலை உயர்த்துவது விளையாட்டுக்குச் செய்யும் தொண்டாகாது.

செலவு பற்றிய வாதமும் முன்வைக்கப்படுகின்றது. ஒரு காலத்தில் வெளிக்கள ஒளிபரப்புக்கு வாகனங்களும் பல கமராக்களும் பெருந்தொகையான ஊழியர்களும் தேவைப்பட்டனர். இன்று ஒரு கையடக்கத் தொலைபேசியும் இணைய இணைப்பும் இருந்தால் கிராமத்துப் போட்டியொன்றை ரொறன்ரோவிலும் தோஹாவிலும் இருப்பவர்கள் பார்க்கின்றனர். பாடசாலைப் போட்டிகளை இணையவழி நேரடியாகத் தரும் தளங்களும் எமது நாட்டில் உருவாகியுள்ளன. எனவே படம் பிடிப்பது இன்று பெரும் சிக்கலன்று. சொல்லத் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பதே உண்மையான சிக்கல். படம் ஓடிக்கொண்டிருக்கும், யார் விளையாடுகின்றார், புள்ளி என்ன என்று சொல்ல ஒரு குரல் இராது. வெளியூரில் உள்ள உறவினர் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு அணைத்துவிடுவார்.

இதற்குச் செய்யக்கூடியவை கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன. எமது பாடசாலைகளில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கின்றனர். அவர்களுக்கு விதிகள் தெரியும். பல்கலைக்கழகங்களில் ஊடகக் கற்கை பயிலும் மாணவர்கள் இருக்கின்றனர். அவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியும். இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. கழகங்களும் சங்கங்களும் போட்டி அட்டவணையை முன்கூட்டியே வெளியிட்டு, வீரர்களின் பெயர்ப் பட்டியலைச் சரியான உச்சரிப்புடன் வர்ணனையாளரிடம் கையளித்தால் பாதி வேலை முடிந்துவிடும். அரச வானொலியும் தொலைக்காட்சியும் மக்கள் பணத்தில் இயங்குபவை. வணிக நிறுவனங்கள் தொடத் தயங்கும் விளையாட்டுக்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் நேரம் ஒதுக்குவது அவற்றின் கடமையாகும். இந்தியாவில் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் ஒளிபரப்பை அரச ஊடகத்துடன் பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் இயற்றப்பட்டது. பிரித்தானியாவிலும் குறிப்பிட்ட சில போட்டிகளைக் கட்டணமின்றிப் பார்க்கும் வாய்ப்பு மக்களுக்கு இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது. பெருவிளையாட்டுக்களுக்காக இயற்றப்பட்ட இச்சட்டங்களின் அடிப்படை நியாயம், விளையாட்டு மக்களின் பொதுச்சொத்து என்பதே. அந்த நியாயம் சிறிய விளையாட்டுக்களுக்கும் பொருந்தும்.

ஊடகங்களாகிய எமக்கும் இதில் பொறுப்புண்டு. வெற்றி பெற்று விமான நிலையம் வந்த பின்னர் மாலையணிவித்துப் படம் எடுப்பதோடு எமது பணி முடிந்துவிடுவதில்லை. அடுத்த முறை எமது வலைப்பந்தாட்ட வீராங்கனைகள் இறுதிப் போட்டியொன்றுக்குச் செல்லும்போது, முதலாவது கால்மணி நேர ஆட்டத்திலிருந்தே அவர்களுடன் நாமும் இருக்க வேண்டும். வென்றவர்களை வரவேற்க வீதிக்கு வருவது எளிது. அவர்கள் வெல்வார்களா தோற்பார்களா என்று தெரியாத அந்த அறுபது நிமிடங்களில் உடனிருப்பதே உண்மையான ஆதரவாகும்.